கோட்டையைச் சுற்றி ஒரு புத்தக அலமாரி: வேலூர் வாசகர் ஒருவருக்கு விரிவான பதில்

கேட்டவர் காட்பாடிக்காரர். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: சரித்திர நாவலும் தன்னம்பிக்கைப் புத்தகமும் தவிர வேறு எதையும் முழுசாகப் படித்து முடித்ததில்லை. புத்தகத் திருவிழாவில் யார் யாரோ சொன்னார்கள் என்று வாங்கி வந்ததெல்லாம் முப்பதாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. எல்லா வகையிலும் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள். அப்புறம், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற நாளில் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே படிக்கிற மாதிரியும் ஏதாவது வேண்டும்.

சரி தம்பி. 'தமிழில் படித்தே ஆக வேண்டிய நூறு நூல்கள்' மாதிரிப் பட்டியல் ஒன்றை நீட்டினால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துத்தானே இதுவரை வாங்கியிருக்கிறீர்கள்! எழுதும் வகையும் புதுசு, கதை நடக்கிற ஊரும் புதுசு, ஆள்கள் பேசுகிற பேச்சும் புதுசு என்றால் முப்பதாம் பக்கத்தில் நிற்கத்தான் செய்யும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஏற்கெனவே தெரிந்த விஷயம் ஏதாவது கையில் இருக்க வேண்டும். வேலூர்க்காரருக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. கோட்டை இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, தோல் ஷாப்பு இருக்கிறது, தண்ணீர் இல்லாத பாலாறு இருக்கிறது. நான் சத்துவாச்சாரிக்காரன், ஆகவே என் அலமாரியும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் நிரம்பியது. பழைய வட ஆற்காடு என்று எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். 1989இல் பிரித்தார்கள், 2019இல் மறுபடியும் மூன்றாகப் பிரித்தார்கள். புத்தகத்துக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது.

உங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே ஆரம்பிப்போம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர் வந்தியத்தேவனை வாணர் குலத்தவன் என்று அறிவீர்கள். அந்த வாணர்களின் தலைநகராக இருந்த திருவல்லம் உங்கள் காட்பாடித் தாலுகாவில்தான், பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. அதே தாலுகாவில் மேல்பாடி இருக்கிறது. சுந்தர சோழரின் தகப்பனார் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், அங்கே உள்ளது. அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் 949இல் நடந்த போரில்தான் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்தான். சோழர் ஆட்சி அதற்குப் பிறகு பல வருஷம் தலைதூக்க முடியாமல் கிடந்தது. கல்கியின் கதை தொடங்கும்போது அங்கே ஒரு பழைய தோல்வியின் வடு இருக்கிறதென்றால், அது நம்ம மாவட்டத்து மண்ணில் பட்ட வடு.

இது தெரிந்தபின் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' எடுங்கள். தமிழிலேயே கிடைக்கிறது. முழுசாகப் படிக்க வேண்டாம், பாதி இடங்கள் கல்வெட்டு எண்களாகவே இருக்கும். பராந்தகன் முதல் ராஜராஜன் வரைக்குமான அத்தியாயங்களைப் படித்தால் போதும். நாவலில் கல்கி எங்கே வரலாற்றைப் பிடித்துக்கொண்டு போகிறார், எங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டார் என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிக் கல்வெட்டு சொல்வது எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்தால், அந்தக் கொஞ்சத்தை வைத்து இவ்வளவு பெரிய கதை கட்டியவர்மேல் மரியாதை கூடும். எனக்குக் கூடியது.

ராஜா கதை அலுத்துப் போனால், ராஜா இல்லாத வரலாறு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்'. இரா. நாகசாமி பதிப்பித்தது. பல்லவர் காலத்தில் மாடு கவரும் சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட கற்களின் வாசகங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான். இன்ன அரசனின் இத்தனையாம் ஆண்டில், இன்னாருடைய ஆள், இன்ன ஊரில் மாட்டை மீட்கப் போய்ச் செத்தான், அவனுக்கு இந்தக் கல். அவ்வளவே. எடுத்தனூர்க் கல்லில் மட்டும் கூட ஒரு நாய் நிற்கும். மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. எருமைகளைக் காக்கப் போய் ஒருவன் செத்துக் கிடக்க, கோவிவன் என்கிற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது என்று எழுதி, நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாய்க்குப் பெயர் தெரிகிறது. அந்த ஒரு கல்லுக்காகவே இந்தப் புத்தகத்தை நூலகத்தில் தேடிப் பிடிக்கலாம்.

அங்கிருந்து 'மலைபடுகடாம்' ஒரு எட்டுதான். பத்துப்பாட்டு என்றதும் பள்ளிக்கூடத்து மனப்பாடப் பகுதி ஞாபகத்துக்கு வந்து பயமுறுத்தும், தெரியும். ஆனால் இது 583 அடியில் எழுதிய பயண வழிகாட்டி. செங்கத்துக் குறுநில மன்னன் நன்னனிடம் பரிசு வாங்கி வந்த கூத்தன், இன்னும் போகாத கூத்தனுக்கு வழி சொல்கிறான். எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்த வீட்டில் என்ன சாப்பாடு போடுவார்கள், ராத்திரி எங்கே தங்கலாம். நடுகல் நிற்கிற வழியும் அதில் வருகிறது. ஜவ்வாது மலையில் பைக் ஓட்டிப் போன பழக்கம் உண்டு என்றால் உரையோடு படித்துப் பாருங்கள். பயண இலக்கியம் வேண்டும் என்பவர்களுக்கு இதையும், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். ஒன்றில் கூத்தன் போகிறான், இன்னொன்றில் நாலு பேர் காரில் போகிறார்கள். இரண்டிலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

கவிதைக்குத் தனியாக அலைய வேண்டாம். சங்கப் பாட்டுவரைக்கும் வந்தாச்சு, 'குறுந்தொகை'யை உ.வே.சா. உரையோடு வைத்துக்கொள்ளுங்கள். நாலிலிருந்து எட்டு அடிப் பாட்டுகள். ஔவையார் பாட்டு ஒன்று இருபத்தெட்டாவதாக வருகிறது: முட்டிக்கொள்வேனா, எதையாவது போட்டு அடிப்பேனா, 'ஆ', 'ஓ' என்று கத்துவேனா, என் நோவு தெரியாமல் இந்த ஊரே தூங்குகிறதே என்கிறாள் ஒருத்தி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடந்தவர்களுக்கு அதற்கு உரையே தேவையில்லை. நாளுக்கு ஒரு பாட்டுக்கு மேல் படிக்காதீர்கள்.

கோட்டையை விட்டுவிட்டுப் பேசினால் ஊரில் அடிப்பார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வெள்ளைக்காரக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் நடத்திய கிளர்ச்சி நமக்கு ஒரு நினைவுத் தூணாகத்தான் தெரியும். புதுத் தலைப்பாகை, அதில் தோல் பட்டை, நெற்றியில் குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று வந்த உத்தரவுகள், கோட்டைக்குள்ளேயே சிறை இருந்த திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வந்த கில்லஸ்பி என்று ஒரே காலைக்குள் நடந்து முடிந்த விஷயம். ந. சஞ்சீவியின் 'வேலூர்ப் புரட்சி' இதைத் தமிழில் சொன்ன பழைய நூல். நடை கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் படித்துவிட்டுப் போய் அகழி ஓரமாக ஒரு சுற்று நடந்தால், சாயங்காலம் சுண்டல் விற்கிற அந்த இடம் வேறு மாதிரித் தெரியும்.

இப்போது ஆஸ்பத்திரி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும்.

வாழ்க்கை வரலாறு என்றால், நம்ம ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரிடமிருந்து தொடங்கலாம். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். டொரோதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய 'டாக்டர் ஐடா' 1959இல் வந்தது. ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் பிரசவம் பார்க்கப் பெண் துணை கேட்டு வந்து கதவைத் தட்டியது, மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவத்தில் செத்துப்போனது எல்லாம் நம்ம ஊரில் நடந்ததாகவே இங்கே பலர் நினைக்கிறார்கள். அது நடந்தது திண்டிவனத்தில். வில்சன் பக்தியோடு எழுதுகிறவர், ஐடாவிடம் குறையே கண்டுபிடிக்க மாட்டார். அதனால் எனக்கு அதைவிட அவரே 1963இல் எழுதிய மேரி வர்கீஸ் வரலாறு பிடிக்கும். 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்று பெயர். 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இங்கே எந்தப் புகழ்ச்சியும் தேவைப்படவில்லை, நடந்ததைச் சொன்னாலே போதுமாக இருந்தது.

அந்த அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் பெய்ன்' என் அலமாரியில் அறிவியல் தட்டிலும் வைக்கலாம், வாழ்க்கை வரலாற்றுத் தட்டிலும் வைக்கலாம், துப்பறியும் கதைத் தட்டில்கூட வைக்கலாம். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். இவர் அப்படியில்லை, வலி தெரியாததால் ஆள்களே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்கிறார். அதை ஒவ்வொரு விரலாக நிரூபிக்க வேண்டியிருந்தது. சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப் பிடி, பொருந்தாத செருப்பு என்று ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றுக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. ராத்திரி படுத்தவருக்குக் காலையில் விரலில் ஒரு துண்டைக் காணோம். கடைசியில் ஒருவர் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்தால், எலி கட்டிலில் ஏறி விரலைக் கடிக்கிறது. படுத்திருப்பவருக்கு வலியே தெரியவில்லை, கையைக்கூட இழுக்கவில்லை. அதற்கப்புறம் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள்! ஷூ கம்பெனியில் வேலை செய்கிற உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உணர்ச்சியில்லாத பாதத்துக்கு எந்த மாதிரிச் செருப்பு வேண்டும், அடித்தட்டு எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு அதில் விரிவாக வரும். ஆங்கிலம் எளிமையானதுதான், அகராதி பக்கத்தில் வேண்டியிருக்காது.

இனி நாவல். ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில் வங்காளி எழுத்தில் போர்டு இல்லாத லாட்ஜோ மெஸ்ஸோ பார்த்திருக்கிறீர்களா? மீன் குழம்பும் சோறும் அவர்கள் பக்குவத்திலேயே கிடைக்கிறது. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருஷம் முழுக்க நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் நாட்டு நாவல் ஒன்றை நாம் படிக்க வேண்டாமா? தாராசங்கர் பந்யோபாத்யாய எழுதிய 'ஆரோக்கிய நிகேதனம்'. தமிழில் த.நா. குமாரசாமி மொழிபெயர்ப்பு. 1956இல் வங்க மொழிக்கான சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது.

ஜீவன் மஷாய் என்கிற கிழ வைத்தியர். பரம்பரையாக நாடி பார்க்கிறவர். நாடியைப் பிடித்தால் நோயாளி பிழைப்பானா, போய்ச் சேர்வானா, எப்போது போவான் என்று சொல்லிவிடுவார். ஊருக்குப் புதுசாக வந்த இங்கிலீஷ் டாக்டர் பிரத்யோத்துக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. உயிரோடு இருக்கிறவருக்கு நாள் குறிக்க நீ யார் என்கிறான். நாம் வழக்கமாக என்ன எதிர்பார்ப்போம்? பழைய வைத்தியம் உசத்தி என்றோ, புது மருத்துவம் வந்து மூடநம்பிக்கையை ஒழித்தது என்றோ கதை போகும். இரண்டும் இல்லை. இளைஞன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பென்சிலின் வேலை செய்கிறது. கிழவரும் பொய் சொல்லவில்லை. சொந்த மகனின் நாடியைப் பிடித்துப் பார்த்து அவன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்துகொண்ட மனிதர் அவர். அதை மனைவி கடைசிவரை மன்னிக்கவில்லை. ஐ.சி.யூ. வாசலில் நின்று 'இனிமேல் வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா' என்று கேட்கலாமா வேண்டாமா என்று தவித்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இந்த நாவல் புரியும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் பழைய நடையில் இருக்கும். இதை மட்டும் முப்பதாம் பக்கத்தில் விட்டுவிடாதீர்கள், ஐம்பது வரைக்கும் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. அப்பாவோடு காத்திருக்கும்போது இதைப் படிக்க வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் சாவு வருகிறது.

பாலாற்றுக்கு வருவோம். தோல் கழிவு பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தையே மாற்றியது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதியை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது நம்ம ஊர் வழக்கு. தீர்ப்பை இணையத்தில் படிக்கலாம். தீர்ப்பும் ஒரு வகை எழுத்துதான், அலுக்காது. கதையாக வேண்டும் என்றால் இரா. முருகவேளின் 'முகிலினி'. பவானி ஆற்றங்கரையில் ஒரு ரேயான் ஆலை வருகிறது, வேலை தருகிறது, ஆற்றைக் கெடுக்கிறது, மூடுகிறது. மூன்று தலைமுறை. ஆலையைத் திட்டுவது சுலபம். அங்கே வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் என்ன செய்வான் என்று கேட்பதுதான் கஷ்டம். நாவல் இரண்டாவதைக் கேட்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. இவர் மொழிபெயர்த்த 'எரியும் பனிக்காடு' தேயிலைத் தோட்டத்துக் கதை, அதுவும் கட்டாயம்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதே, அப்போது நான் மறுபடி எடுத்துப் படித்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வந்த சின்ன நாவல். குடத்தோடு அலைகிற சென்னைத் தெருவும், ஜமுனா, சாயா என்கிற அக்கா தங்கையும். ஒரு குரல்கூட உயராது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். 'இலக்கிய நாவல்' என்றதுமே ஒதுங்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

நம்ம மாவட்டத்து எழுத்தாளர்கள் என்றால் எல்லாரும் மு.வ. என்பார்கள். வாலாஜாப்பேட்டை பக்கம் வேலத்தில் 1912இல் பிறந்தவர். 1961இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய 'அகல் விளக்கு' அந்தப் பக்கத்திலேயே நடக்கிறது. வேலய்யன், சந்திரன் என்று இரண்டு நண்பர்கள். உண்மையைச் சொன்னால், மு.வ. ஆளைப் பேச விடமாட்டார். நாலு பக்கத்துக்கு ஒரு முறை உபதேசம் வரும். தன்னம்பிக்கை நூல் படித்துப் பழகிய உங்களுக்கு அது தடையாக இருக்காது, இன்னும் சொன்னால் அந்த வகையிலிருந்து நாவலுக்கு வர நல்ல படி. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அழகிய பெரியவன் பேர்ணாம்பட்டுக்காரர். 'தகப்பன் கொடி' நிலத்தை இழந்த ஒரு தலித் குடும்பத்தின் கதை. 'வல்லிசை' சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களைப் பற்றியது. பேச்சு முழுக்க நம்ம பக்கத்துப் பேச்சு, பாட்டி குரல் காதில் கேட்கும். மு.வ. காட்டிய வட ஆற்காட்டையும் இவர் காட்டுகிற வட ஆற்காட்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் ஒரே மாவட்டமா என்று தோன்றும். அவை பிடித்திருந்தால் பாமாவின் 'கருக்கு', பூமணியின் 'வெக்கை' என்று போகலாம். 'வெக்கை' வேகத்தில் எந்தத் துப்பறியும் கதைக்கும் சளைத்தது இல்லை.

அறிவியலுக்குக் காவலூர். திருப்பத்தூர் போகிற வழியில் ஜவ்வாது மலைமேல் இருக்கிற வானோக்கு நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அங்கிருந்து ராபர்ட் கனிகல் எழுதிய ராமானுஜன் வரலாற்றுக்குப் போங்கள். தமிழில் 'அனந்தத்தை அறிந்தவன்' என்று நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. கணக்கு வராது என்று பயப்பட வேண்டாம், கணக்கு வரும் பக்கங்களைத் தாண்டிப் போனாலும் கதை அறுபடாது. கும்பகோணம் வீடும், கேம்பிரிட்ஜ் குளிரில் சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடியதும், அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டியோடு இருந்த அந்த விசித்திரமான நட்பும் போதும். இன்னும் லேசாக வேண்டும் என்றால் மூளையைப் பற்றி சுஜாதா எழுதிய 'தலைமைச் செயலகம்'. அவருடைய அறிவியல் தகவல்கள் சில இடங்களில் பழசாகிவிட்டன, நடை பழசாகவில்லை. பறவை, காடு பக்கம் ஆசையிருந்தால் தியடோர் பாஸ்கரன் எழுதிய எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதைக்கு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. விஞ்ஞானமா ஆவியா என்று கடைசிவரை இழுப்பார். அறிவியல் புனைவுக்கு 'என் இனிய இயந்திரா'. கதை நடக்கிற 2021ஆம் வருஷத்தை நாம் தாண்டியே வந்துவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே படிக்கலாம். காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பிய முத்து காமிக்ஸ் இன்னும் வருகிறது. சமையலுக்கு மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951இலிருந்து கல்யாணச் சீராகப் போய்க்கொண்டிருக்கிற புத்தகம். சுத்த சைவம், ஆம்பூர் பிரியாணிக்கு அதில் வழி கிடையாது. அதற்கு ஆம்பூருக்கே போக வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் 'டோட்டோ-சான்', இரா. நடராசனின் 'ஆயிஷா'. 'ஆயிஷா'வை நீங்களும் படியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பண்பாட்டுக்குத் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழக'மும், ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'யும். நாம் தினமும் செய்கிற, சாப்பிடுகிற விஷயங்களுக்கு வரலாறு உண்டு என்று காட்டுகிற கட்டுரைகள்.

தன்னம்பிக்கை நூல்களைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். அந்த வரிசையில் பத்துப் படித்தால் பதினொன்றாவதில் புதுசாக ஒன்றும் இருக்காது. அதற்குப் பதில் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. பெரிய புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிற இடத்தைத் தேடி எடுங்கள். உ.வே.சா. அப்போது காலேஜ் வாத்தியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், தமிழ் முழுக்கத் தெரியும் என்ற நினைப்பு இருக்கத்தானே செய்யும். என்னென்ன படித்தீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவர் மேலும் அடுக்குகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார் முதலியார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் பார்த்ததுண்டா? இவர் படித்ததில்லை. இவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. ஏட்டுச் சுவடியாகக் கிடந்த அந்தச் சிந்தாமணி 1887இல் இவர் கையால் அச்சேறியது. இடையில் அவர் பட்ட பாட்டைப் படித்தால், விடாமுயற்சிக்கு வேறு புத்தகம் வாங்கத் தோன்றாது.

இவற்றில் பாதிக்குமேல் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பழைய பதிப்புகள், தொல்லியல் துறை வெளியீடுகள் எல்லாம் கடையைவிட அங்கே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். கல்கி உட்பட நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். புத்தகத் திருவிழாவுக்கு வைத்திருக்கிற பணத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கொடுங்கள். அழகிய பெரியவன், முருகவேள் இவர்களை எல்லாம் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

கடைசியாக, காத்திருக்கிற நேரத்துக்கு. டோக்கன் எண் எப்போது வரும் என்று ஒரு கண் அங்கேயே இருக்கும். நாவல் வேலைக்கு ஆகாது. சிறுகதை வேண்டும், அதுவும் எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுபடி பிடித்துக்கொள்கிற மாதிரி. அசோகமித்திரன் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதில் 'புலிக்கலைஞன்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாக் கம்பெனிக்கு வேலை தேடி வந்த ஒரு ஒல்லியான ஆள், எனக்குப் புலி வேஷம் தெரியும் என்று சொல்லி அங்கேயே புலியாகிக் காட்டுகிறான். பத்துப் பக்கம் வருமோ என்னவோ. கி. ராஜநாராயணன் கதைகளும் தோதுப்படும்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம் என்றால் பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. மலையாளத்திலிருந்து தமிழில் வந்திருக்கிறது. வீடு நிறைய ஆள்கள், எல்லாருக்கும் பஷீரிடம் காசு வேண்டும், அந்த அமளிக்கு நடுவே தங்கச்சியின் ஆடு வந்து அவர் எழுதிய புத்தகத்தையே தின்கிறது. 'பால்யகால சகி'யைத் தின்றுவிட்டு 'சப்தங்க'ளுக்குப் போகும். பக்கத்து நாற்காலிக்காரரும் காது கொடுப்பார். பேர் கூப்பிட்டால் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம், அது ஒன்றும் அறுந்துபோகிற கதை இல்லை.